ஐம்பத்தேழாம் நம்பருக்கு ஒன்பது மார்க்

"அந்தம்மா படிக்கவே இல்லடி. பக்கத்தை எண்ணி மார்க் போட்டிருக்கு."

நீ போனில் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக் கேட்கவில்லைம்மா. உன் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவில் கண்டக்டர் நடக்கிற இடம்தான் இருக்கிறது. முசிறியில் ஏறியதிலிருந்து நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் இந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு என்னால் சும்மா வர முடியாது. படிக்காமல் யாரும் மார்க் போடுவதில்லை. அந்த வயரைக் காதில் மாட்டுவதற்கு முன்னால் இதை மட்டும் கேட்டுக்கொள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா? என் மடியில் இருக்கிற இந்தக் கட்டைப் பார். நூற்று அறுபத்தெட்டுக் கட்டுரை. அத்தனையும் நான் திருத்தியது. ஒரு வரி விட்டதில்லை.

இல்லை, வாத்தியார் இல்லை. என் பேர் தெய்வசிகாமணி. சார்பதிவாளர் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒருவர் நிலம் வாங்கினாலும் வீடு விற்றாலும் அந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் படித்துச் சரிபார்ப்பது என் பொறுப்பு. நான் 'சரி' என்று எழுதினால்தான் அது மேலே போகும். அப்போதெல்லாம் காலையில் பத்து மணிக்கு என் மேஜைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். "ஐயா கையெழுத்து, ஐயா கையெழுத்து" என்று. ரிட்டயர் ஆன பிறகு என் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன்கூட என் சம்சாரத்திடம்தான் வாங்குகிறான். சரி, அது வேறு.

என் மகள் திலகவதிதான் வாத்தியார். திருச்சியில் ஒரு காலேஜில் கட்டுரைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். கணக்கு படிக்கிற பிள்ளை, பூச்சி படிக்கிற பிள்ளை, எல்லோரும் முதல் வருஷத்தில் அவள் வகுப்பில் உட்கார்ந்து வாரம் ஒரு கட்டுரை எழுத வேண்டும். மூன்று பிரிவு, பிரிவுக்கு ஐம்பத்தாறு பேர். அவள் பேசினால் இரண்டாவது பெஞ்சுக்கு மேல் கேட்காது. அப்படி ஒரு கூச்சம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "ஹோல்டான்" என்று ஒரு சத்தம் போட மாட்டாள். பக்கத்து ஆள் யாராவது இறங்கினால் கூட இறங்கி, அங்கிருந்து நடந்து வருவாள். அப்படி ஒரு தடவை ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கப் போய்த்தான் வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அப்போது ஆரம்பித்தது இது. அவள் படிப்பாள், மார்க் சொல்வாள், நான் சிவப்புப் பேனாவால் எழுத வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. கருத்துக்குப் பத்து, அமைப்புக்கு ஐந்து, நடைக்கு ஐந்து, பிழை இல்லாமல் எழுதினால் ஐந்து. மொத்தம் இருபத்தைந்து.

முதல் நாளே எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. தலைப்பு, 'என் தெருவில் ஒரு மனிதர்'. ஒரு பையன் பரோட்டா மாஸ்டரைப் பற்றி எழுதியிருந்தான். மாவை அடிக்கும்போது தன் மாமியாரின் பேரைச் சொல்லித்தான் அடிப்பாராம். திலகா சிரித்துவிட்டு, "இருபத்திரண்டு போடுங்கப்பா" என்றாள்.

"இரு. இது எந்தத் தெரு?"

"அது இல்லப்பா இதுல."

"கடைக்கு வடக்கே என்ன இருக்கு? தெற்கே என்ன இருக்கு? நாலு பக்கமும் எல்லை சொல்லாம ஒரு கடையை எப்படி நம்புறது?"

"அப்பா, இது கட்டுரை."

"கட்டுரைன்னா எங்க வேணா இருந்துடலாமா?"

அவள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள். எதிர்த்துப் பேச மாட்டாள். நான் எட்டு போட்டேன். பக்கத்தில் குறிப்பும் எழுதினேன்: 'எல்லை விவரம் இல்லை. மாமியார் பேர் இல்லை. சாட்சி யார்?'

இதைத்தான் நான் படித்துத் திருத்துவது என்கிறேன். வாத்தியார்கள் என்ன செய்கிறார்கள்? ஓரத்தில் ஒரு டிக், 'நன்று', கீழே ஒரு வட்டம். பிள்ளைக்கு என்ன புரியும்? நான் போட்ட குறிப்பில் ஒளிவு மறைவே கிடையாது. பத்திரத்தில் ஒரு வார்த்தையை அடித்து எழுதினால், 'அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று' என்று கடைசியில் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பிள்ளைகள் பக்கத்துக்குப் பத்து அடித்தல் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் அரை மார்க் பிடித்தேன்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று திலகா விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு, "இனிமே நானே பாத்துக்கறேன்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "கை இன்னும் பழகலை, நீ சிரமப்படாதே" என்றேன். பேனா என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஐந்து மணி வரைக்கும் கட்டுரைதான். என் சம்சாரம் அன்னபூரணி பக்கத்தில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். "எத்தனை பிள்ளைங்க வயித்தெரிச்சலை வாங்கிக் கட்டினீங்க இன்னைக்கு?" என்பாள். அவளுக்கு நிர்வாகம் புரியாது.

ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்தது பார். ஒரே மாசத்தில் தரம் எங்கேயோ போய்விட்டது! காதலைப் பற்றி எழுதினால்கூட நான்கு எல்லையோடு எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பையன் எழுதியிருந்தான்: 'என் காதல் அமைந்துள்ள இடத்துக்கு வடக்கே அவள் அண்ணன், தெற்கே அவள் அப்பா, கிழக்கே காலேஜ் கேமரா, மேற்கே நான். இதன் பேரில் முன் வில்லங்கம் ஏதும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' கீழே அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. இருபத்து நான்கு போட்டேன். சர்வே நம்பர் இருந்திருந்தால் முழுசும் போட்டிருப்பேன்.

சிரிக்கிறாயா? சிரி. திலகாவும் வகுப்பில் அதைப் படித்துக் காட்டினாளாம், பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்களாம். நல்ல எழுத்துக்குத்தான் அப்படி வரவேற்பு கிடைக்கும்.

தப்பும் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றி எழுதி, அந்த அம்மாவையே சாட்சியாகக் கையெழுத்துப் போட வைத்திருந்தாள். சம்பந்தப்பட்ட ஆள் சாட்சி போடக்கூடாதும்மா. அது அடிப்படை விதி. கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, படிக்கும்போது கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. ஆனால் விதி விதிதான். பன்னிரண்டு.

குணசீலம் தாண்டியாச்சா? சரி. இனிமேல்தான் விஷயம்.

நடுவில் ஒரு தபால் வந்தது. ரிஜிஸ்டர் தபால், திலகா பேருக்கு. எங்கள் வீட்டில் எந்தத் தபால் வந்தாலும் நான்தான் பிரிப்பேன், எப்போதும் அப்படித்தான். மைசூரில் அகராதி தயாரிக்கிற ஏதோ நிலையமாம். வேலைக்கு எடுத்திருக்கிறோம், இந்தத் தேதி காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் எப்போது விண்ணப்பம் போட்டாள், எப்போது அவர்களோடு பேசினாள், எனக்கு ஒன்றும் தெரியாது.

நீயே சொல். 'ஹோல்டான்' சொல்லத் தெரியாத பெண். மைசூரில் போய் எந்தப் பாஷையில் இறங்குவாள்? யோசித்துச் சொல்லலாம் என்று பீரோவில், மூன்றாவது தட்டில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை, பத்திரப்படுத்தி வைத்தேன். பீரோ சாவி என் இடுப்பில் இருக்கிறது, அது வழக்கமாக இருக்கிற இடம். யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்பது நாள் யோசித்தேன்.

அவளும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். "அப்பா, எனக்குத் தபால் ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்தா உன்கிட்டதானே சொல்லுவேன்" என்றேன்.

இதில் பொய் என்ன இருக்கிறது? சொல்லத்தான் இருந்தேன்.

இப்போது இந்தக் கட்டுக்கு வா. கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பு, 'எங்கள் வீட்டில் ஒரு பொருள்'. இரண்டாம் பிரிவுக் கட்டில் ஐம்பத்தாறுக்குப் பிறகு இன்னும் ஒன்று இருந்தது. பேர் போடவில்லை. நம்பர் ஐம்பத்தேழு. யாரோ புதிதாகச் சேர்ந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. கையால் எழுதச் சொன்னால் அடித்துக் கொண்டுவருகிறார்கள் என்று அதற்கே ஒரு மார்க் பிடித்துவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பித்தேன்.

ஒரு பீரோவைப் பற்றி. சும்மா சொல்லக்கூடாது, எல்லை விவரம் பிரமாதம். 'பீரோவுக்கு வடக்கே ஜன்னல். தெற்கே கிரைண்டர். கிழக்கே அம்மாவின் தையல் மிஷின். மேற்கே ஒரு மர நாற்காலி, அதில் மத்தியானம் முழுக்க ஒருவர்.' எங்கள் வீட்டிலும் பீரோ அப்படித்தான் இருக்கிறது, அதனால் எனக்கு இடம் சட்டென்று புரிந்துவிட்டது. அந்தப் பீரோவுக்குள் அந்தப் பெண்ணுக்கு வந்த ஒரு கடிதம் இருக்கிறதாம். அவள் அப்பா பூட்டி வைத்திருக்கிறாராம். அவள் கேட்கிறாள், அவர் வரவில்லை என்கிறார். தபால்காரர் நோட்டில் அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள். அழகான கையெழுத்தாம், முப்பது வருஷம் போட்டுப் போட்டு வழுவழுப்பான கையெழுத்தாம். 'அவர் எல்லோருடைய எழுத்தையும் ஒரு வரி விடாமல் படிக்கிறார். என் முகத்தை மட்டும் படிப்பதில்லை' என்று முடித்திருந்தாள்.

என்னம்மா அப்படிப் பார்க்கிறாய்?

உனக்குத் தோன்றுகிறது. எனக்குத் தோன்றவில்லை. நீ கதை கேட்டுக்கொண்டிருக்கிறாய், நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு. நூற்றுப் பதின்மூன்றாவது கட்டுரையைத் திருத்துகிறவன் யார் வீட்டு பீரோ என்றா பார்ப்பான்? அடித்தல் இருக்கிறதா, திருத்தல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான்.

மூன்று தடவை படித்தேன். அப்புறம் ஒன்பது போட்டேன். காரணமும் எழுதினேன். 'தந்தை பாத்திரம் நம்பும்படி இல்லை. எந்தத் தகப்பன் இப்படிச் செய்வான்? தந்தை தரப்பு விசாரிக்கப்படவில்லை. மிகை.'

அன்னபூரணிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மிஷின் நின்றுவிட்டது. அவளுக்குத் தைக்கும்போது நடுவில் நிறுத்துவது பிடிக்காது, ஆனாலும் நின்றுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிறாளா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை.

"எவ்வளவு போட்டீங்க அந்தப் பொண்ணுக்கு?"

"ஒன்பது."

"பாவம். அப்பனுக்கு எவ்வளவு?"

"அப்பனுக்கு எதுக்குடி மார்க்கு?"

"அதானே" என்றாள். மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

சாயங்காலம் திலகா வந்ததும் கட்டைப் புரட்டி நேராக ஐம்பத்தேழை எடுத்தாள். என் சிவப்புக் குறிப்பை விரல் வைத்துப் படித்தாள்.

"அப்பா, இதுக்கு ஏன் ஒம்போது?"

விளக்கினேன். சும்மா இல்லை, அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினேன். "இதப் பாரு திலகா, கடிதம் யாரு பேருக்கு வந்திருக்கு? அந்தப் பொண்ணு பேருக்கு. அப்ப அது யாரு சொத்து? அவ சொத்து. தன்னோட பொருளைத் தானே போய் எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே? அதை விட்டுட்டு ரெண்டு பக்கத்துக்குப் புலம்புனா எவன் மார்க் போடுவான்?"

"எடுத்துக்கலாங்கறீங்களா?"

"தாராளமா."

"அவங்க அப்பா கோவிச்சுக்க மாட்டாரா?"

"என்ன கோவம்? முறைப்படி ஒரு ரசீது எழுதி வச்சிட்டு எடுத்தா எவனும் கேக்க முடியாது. ரெண்டு சாட்சி போட்டுட்டா கோர்ட்டுலகூட நிக்கும்."

அவள் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள். "அதை அப்படியே இதுல எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்கப்பா. நான் சொன்னா அந்தப் பொண்ணு நம்பாது."

எத்தனை வருஷம் கழித்து ஒருவர் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்! எழுதினேன். 'கடிதம் கட்டுரையாளருக்கே உரியது. உரியவர் ரசீது வைத்து எடுத்துக்கொள்ளலாம். தடையில்லை.' கீழே முழுக் கையெழுத்து. அவள் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் எனக்கு ஓய்வூதியர் சங்கக் கூட்டம். கிளம்பும்போது அன்னபூரணி, "சாவியைக் குடுத்துட்டுப் போங்க, கொலுசை எடுத்து மெருகு போடக் குடுக்கணும்" என்றாள். கொடுத்தேன். நாற்பது வருஷத்தில் அவள் கொலுசு போட்டு நான் பார்த்ததில்லை, அது எனக்குக் கூட்டத்தில் தேநீர் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. மத்தியானம் வந்து பார்த்தால் வீட்டில் திலகா இல்லை. அவளுடைய நீலப் பெட்டியும் இல்லை. அடுப்படியில் புளியோதரை கிண்டிய வாசனை, பாத்திரத்தில் எனக்கு ஒரு கை அளவு.

"எங்க அவ?"

"மைசூருக்கு."

"யாரு விட்டது?"

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? தடையில்லைன்னு. கையெழுத்துப் போட்டு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதே நாற்காலிதான், பீரோவுக்கு மேற்கே.

எனக்கு என்ன வருத்தம் என்றால், போனதில் இல்லை. என் வகுப்பில், சரி, அவள் வகுப்பில், நூற்று அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நான் எழுதின குறிப்பில் ஒன்றைக்கூட எவனும் வாழ்க்கையில் பின்பற்றியிருக்க மாட்டான். பின்பற்றியது ஐம்பத்தேழாம் நம்பர் ஒருத்திதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் வருத்தம், ஒரு வார்த்தை நேரில் கேட்டிருக்கலாம் என்பதுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

மூன்று தடவை கேட்டாள் என்று சொன்னேனா? நானா சொன்னேன்? சரி.

நேற்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணினாள். மைசூரில் பஸ்ஸில் போனாளாம், இறங்க வேண்டிய இடத்தில் சத்தமாகச் சொல்லி வண்டியை நிறுத்தினாளாம். எந்தப் பாஷையில் சொன்னாள் என்று கேட்கத் தோன்றியது. நான் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போனை என்னிடம் கொடுத்திருந்தால் பேசியிருப்பேன். அன்னபூரணி கொடுக்கவில்லை, நானும் கை நீட்டவில்லை.

இந்தக் கட்டையும் மார்க் பட்டியலையும் இன்றைக்குள் காலேஜில் சேர்க்க வேண்டுமாம். அவளுக்குப் பதிலாக வருகிற அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என் பேருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள். அதனால்தான் இந்தப் பஸ். பட்டியல் இதோ இருக்கிறது. முசிறியில் வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை! பரோட்டா மாஸ்டருக்கு நான் போட்டது எட்டு, இதில் இருபத்திரண்டு. அம்மாவைச் சாட்சி போட வைத்த பெண்ணுக்கு நான் பன்னிரண்டு, இதில் இருபத்து மூன்று. காதல் பையனுக்கு நான் இருபத்து நான்கு, இதில் பதினெட்டு. முதல் வாரத்திலிருந்தே இப்படி. கம்ப்யூட்டர் கோளாறு. ஆபீசில் நேரில் சொல்லித் திருத்த வேண்டும்.

கோளாறு இல்லை என்கிறாயா?

ஒவ்வொரு வாரமும் அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடியும் படித்து, அவள் மார்க்கைத் தனியாகப் போட்டுக்கொண்டாள் என்கிறாயா? அப்படியானால் என் சிவப்பு எதற்கு? பிள்ளைகள் சிரிப்பதற்கா?

...

வாத்தலை வந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நூற்று அறுபத்தெட்டையும் இரண்டு தடவை. கை வலியோடு. ஒரு நாளும் சொல்லவில்லை பார்.

சரி, பட்டியல் இப்படியே இருக்கட்டும். ஆபீசில் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு மைசூரில் பத்து மணிக்கு வேலையில் சேருகிறாள், இந்த நேரத்தில் போய் இவர்களிடம் எதையாவது கிளப்புவானேன்?

இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை, அன்னபூரணிக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை அந்தப் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு பீரோவைத் திறந்தேன். மூன்றாவது தட்டு. வீட்டுப் பத்திரம் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் கடிதம் இருந்த இடத்தில் இந்தத் தாள். பிரித்துப் பார், பரவாயில்லை. கையால் எழுதியிருக்கிறாள். ஆறு வாரம் மடங்காத கை, எழுத்து கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது.

'ரசீது. மேற்படி பீரோவின் மூன்றாம் தட்டில் இருந்த, என் பேருக்கு வந்த கடிதம் ஒன்றை இன்று காலை நானே எடுத்துக்கொண்டேன். அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை. தெ. திலகவதி.' கீழே, 'சாட்சி ஒன்று', அன்னபூரணி கையெழுத்து. அதற்கும் கீழே, 'சாட்சி இரண்டு'. பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கோடு மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள். எதிர் வீட்டு ரமணிபாய் பேனாவோடு ஓடி வருவாள். வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். சம்பந்தப்பட்ட ஆள் சாட்சி போடக்கூடாது, அது அவளுக்கும் தெரியும், எத்தனை பேருக்கு அதற்காக மார்க் பிடித்தேன் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே. கடிதத்தை வைத்திருந்தவன் நான். இதில் என்னைவிடச் சம்பந்தப்பட்டவன் யார் இருக்கிறான்? இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். நான் இதில் கையெழுத்துப் போட்டால் இந்த ரசீது எந்த ஆபீசிலும் செல்லாது. நானே திருப்பி அனுப்புவேன்.

நொச்சியம் ரயில்வே கேட்டா இது? ரயில் போகிற வரைக்கும் நிற்பான். நல்லதுதான்.

ஏம்மா, உன்னிடம் நீலப் பேனா இருக்கிறதா? என் பையில் சிவப்புதான் இருக்கிறது. சிவப்பில் போடக்கூடாது.

அந்தக் கட்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள். ஆ, அப்படித்தான். வண்டி ஆடாமல் இருக்கிறது.

கா. தெய்வசிகாமணி. முசிறி.

இந்தாம்மா, உன் பேனா.